எங்கட பரம்பரையில ஆர் விளையாடினது?

"எங்கட பரம்பரையில ஆர் பிள்ளை விளையாடினது? அதெல்லாம் ரத்தத்தில இருக்கவேணுமெல்லோ." அக்காவின் மகள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணிக்கு எடுபடவில்லை என்று தெரியவந்த அன்று பெரியம்மா இப்படிச் சொன்னார். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தேற்றத்தான் சொன்னார். வெள்ளவத்தை வீட்டில் அந்த நேரம் இருந்த ஒருவரும் அதை மறுக்கவில்லை. அக்கா தலையாட்டினார். அத்தான், இனிச் சனிக்கிழமையும் கணித வகுப்புக்கு விடலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். பதின்மூன்று வயதுப் பிள்ளை மட்டும் இரவு படுக்கப்போகும்போது என்னிடம் வந்து, "அப்ப நான் எவ்வளவு விளையாடினாலும் சரிவராதா சித்தி?" என்று கேட்டாள். ஓம், சரிவராது என்பது ஒரு பதில். முயன்றால் முடியாதது ஒன்றுமில்லை என்பது இன்னொரு பதில். இரண்டும் பொய் என்று எனக்குப் பட்டது. அதற்கு மேல் என்ன சொல்வது என்பதைத்தான் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரிவு நடந்த விதத்தை அவளே விவரித்தாள். பிள்ளைகளை உயரப்படி வரிசையாக நிறுத்தினார்கள். ஆளுக்கு ஆள் பந்தை மாற்றி எறிந்தார்கள். வளையத்துக்கு ஒரு சில வீச்சு. ஒரு ஓட்டம். பிறகு பெயர் வாசித்தார்கள். ரியூசனுக்கு நேரமாகிறது என்று வாசலில் வான்கள் காத்திருந்தன. கெட்ட எண்ணத்தோடு ஒருவரும் எதையும் செய்யவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளையிடம் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்கவே முடியாது என்று எவரும் யோசித்ததாகவும் தெரியவில்லை.

தர்ஜினியின் உயரம்

பெரியம்மாவின் பேச்சை இலேசாகத் தள்ளிவிட முடியாததற்கு முதற்காரணம் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்து வலைப்பந்தாட்ட வீராங்கனை. உயரம் 2.08 மீற்றர். வலைப்பந்தாட்ட வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றரில் இருக்கிறது. அவர் கையை உயர்த்திப் பந்தை ஏந்தினால் வளையத்துக்கும் பந்துக்கும் இடையே அதிகம் மிச்சமில்லை. 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது வளையத்தின் கீழ் நின்றவர் அவர்தான். இந்த உயரத்தை எந்தப் பயிற்சியாளரும் உண்டாக்கித் தர முடியாது. போதிய ஊட்டம் கிடைக்கும் சமூகங்களில், ஆளுக்காள் காணப்படும் உயர வேறுபாட்டில் ஏறத்தாழ 80 வீதம் மரபுவழி வருவது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஆகவே ரத்தம் என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஊக்கப் பேச்சுப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அவர் ஆடும் ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். எதிரணித் தடுப்பு வீராங்கனை, பந்தை வைத்திருப்பவரின் காலிலிருந்து 0.9 மீற்றர் தள்ளித்தான் நிற்கலாம். அங்கிருந்து கையை நீட்டினாலும் தர்ஜினியின் பந்தைத் தொட முடியாது. அதனால் எதிரணிகள் வீச்சைத் தடுப்பதை விட்டுவிட்டு, பந்து அவர் கைக்குப் போய்ச்சேராமல் இருக்க வழி பார்க்கும். இருவராக அவரைச் சூழ்ந்து நிற்பார்கள். அப்படியென்றால் வளையத்தின் முன்னாலுள்ள வீச்சு வட்டத்தின் விளிம்பில் நிற்கும் சக வீராங்கனை, தடுப்பவர்களின் விரல்களுக்கு மேலாகவும் கோட்டுக்கு வெளியே போகாமலும், அவருடைய கை மட்டும் எட்டும் புள்ளிக்குப் பந்தை உயர்த்திப் போடவேண்டும். பந்து கைக்கு வந்தால் மூன்று வினாடிக்குள் விட்டுவிட வேண்டும் என்பது விதி. இந்த உயரப் பந்து எவருக்கும் பிறவியில் வருவதில்லை. ஒரு பெண்ணின் பிறவி உயரம் கோலாக மாறுவதற்கு, அவருடைய கையும் சுற்றியுள்ள பல கைகளும் ஒரு வேலையைப் பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. உயரம் மரபுவழி வருவதுதான், ஆனால் அது ஒரு மரபணுவில் இல்லை. 2022இல் வெளியான ஆய்வொன்று ஏறத்தாழ 54 இலட்சம் பேரின் தரவுகளை அலசி, உயரத்தோடு தொடர்புடைய 12,111 மரபணு மாறுபாடுகளைக் கண்டது. அளவுநாடாவால் அளந்துவிடக்கூடிய ஒரு குணத்துக்கே இத்தனை சிறு காரணங்கள் என்றால், 'விளையாட்டுத் திறமை' என்று நாங்கள் ஒரே சொல்லில் கட்டிவைத்திருப்பதற்கு எத்தனை இருக்கும்!

முரளியின் கை

இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் கடைசியில் முரளியிடம் வந்து நிற்கும். "அவருக்குப் பிறவியிலேயே கை அப்படி" என்பார்கள். உண்மை. அவருடைய முழங்கை பிறப்பிலிருந்தே முழுதாக நீளாது. மணிக்கட்டு சாதாரண மனிதருடையதைவிட மிகக் கூடுதலாகச் சுழலும். 1995 டிசம்பரில் மெல்பேணில் நடுவர், வீசும்போது முழங்கையை நீட்டி எறிகிறார் என்று அவருடைய பந்துகளை முறையற்றவையாக அறிவித்த பிறகு, மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கையை அளந்தார்கள். பின்னர் மற்றவர்களின் கையையும் அளந்து பார்த்தபோது, நேராக வீசுகிறார்கள் என்று எல்லோரும் நம்பிய பந்துவீச்சாளர்களின் கையும் சில பாகை நீள்வது தெரியவந்தது. 2005இலிருந்து முழங்கை 15 பாகை வரை நீளலாம் என்று எல்லோருக்கும் ஒரே எல்லை வந்தது. இவ்வளவும் துடுப்பாட்டம் பார்க்கிற எவருக்கும் தெரிந்த கதை.

நாங்கள் விரைவாகக் கடந்துவிடுகிற பகுதி அதற்கு முந்தியது. கண்டியில் பாடசாலையில் படித்த முரளிதரன் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளர். ஏறத்தாழ பதினான்கு வயதில் அவருடைய பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்து போட்டுப் பார்க்கச் சொன்னார். அதே முழங்கை, அதே மணிக்கட்டு, அதே ரத்தம் அதற்கு முன்னும் இருந்தது. அந்த ஆலோசனை வராமல் போயிருந்தால், அந்த உடம்போடு ஒரு சராசரி மிதவேகப் பந்துவீச்சாளர் பாடசாலையை விட்டு வெளியேறியிருப்பார் என்று நான் நம்புகிறேன். அப்போது நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? அவருக்கு அது ரத்தத்தில் இல்லை என்றுதான். முழங்கை முழுதாக நீளாதவர்கள் உலகில் நிறையப் பேர் இருக்கிறார்கள். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்தவர் ஒருவர்தான். அந்தக் கைக்கு ஏற்ற வேலை எது என்று ஒருவர் தேடிப் பார்த்தார். அதன்பின் அந்த வேலையை அவர் வருடக்கணக்கில் செய்துகொண்டே இருந்தார். 1992இல் கெத்தாராமையில் முதல் டெஸ்ட், 2010இல் காலியில் கடைசி டெஸ்ட்.

அந்தச் சனிக்கிழமை

எடுபடாத பிள்ளையை வீட்டில் வைத்திருக்க மனம் வராமல், பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு மாஸ்டர் சனிக்கிழமைகளில் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். முதல் சில வாரங்கள் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மற்ற இடங்களில் ஒரே இடத்தில் நின்று ஒரே வகைப் பந்தைத் திரும்பத் திரும்ப எறிவார்கள். இவர் அப்படி விடுவதில்லை. ஒரு நெஞ்சுப் பந்து, அடுத்தது தரையில் குத்தும் பந்து, அடுத்தது தலைக்கு மேலால், அடுத்தது இடக்கையால் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். பிள்ளைகள் தவறவிட்டுக்கொண்டே இருப்பார்கள். என்னோடு வாங்கில் இருந்த தாய்மார் பலருக்கு இது பிடிக்கவில்லை. "ஒண்டையாவது ஒழுங்காப் பழக்கிப்போட்டு மற்றதுக்குப் போகலாமே" என்று ஒருவர் கேட்டேவிட்டார். மாஸ்டர் சிரித்துக்கொண்டு, "இண்டைக்கு வராது அம்மா. பிறகு போகாது" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. 1979இல் ஷே, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவுகள் சிலவற்றைச் சிலருக்கு ஒவ்வொன்றாகவும் சிலருக்குக் கலந்தும் பழக்கினார்கள். பழகும்போது கலந்து பழகியவர்கள் பின்தங்கினார்கள். சில நாட்கள் கழித்துச் சோதித்தபோது அவர்களே முன்னுக்கு நின்றார்கள். அன்றைய ஆட்டம் வேறு, கற்றல் வேறு என்று இதை நான் விளங்கிக்கொள்கிறேன். தெரிவு நாளில் எங்கள் கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை அவர் புதிதாக ஒன்றைச் செய்தார். ஒரு பிள்ளை பந்தோடு நிற்கும். எதிரே மற்றவர்கள் அரைவட்டமாக நின்று அவளைப் பார்க்கவேண்டும். அவள் எறிவதற்குக் கை எடுத்து, பந்து விரலை விட்டுப் போகும் முன்பே மாஸ்டர் "திரும்பு" என்பார். எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பி, பந்து இடமா வலமா, உயரமா தாழ்வா என்று கையால் காட்டவேண்டும். உயரமான பிள்ளைகள், வேகமாக ஓடும் பிள்ளைகள், பாடசாலை அணியில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அங்கே நின்றார்கள். பலர் குத்துமதிப்பாகக் கையைக் காட்டினார்கள். எங்கள் பிள்ளை திரும்பத் திரும்பச் சரியாகக் காட்டினாள். மாஸ்டர் எறிபவரை மாற்றினார். அப்போதும் சரி. எதைப் பார்த்தாய் என்று கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் இடுப்பையும் தோளையும் தொட்டுக் காட்டினாள். எறிபவர் பந்தைப் போடப்போகும் பக்கம் அவருடைய முன்காலும் இடுப்பும் முதலில் திரும்பிவிடுகின்றன. கண் எங்கே பார்த்தாலும் இடுப்பு பொய் சொல்லாது என்று மாஸ்டர் மற்றவர்களுக்கு விளக்கினார்.

துடுப்பாட்டத்தில் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து துடுப்பாட்டக்காரரை அடைய ஏறத்தாழ அரை வினாடிதான். அதை அடிப்பவர்களுக்கு அசாத்தியமான பிறவி வேகம் இருக்கும் என்றே நாங்கள் நினைப்போம். 1987இல் பீற்றர் மக்லியொட் என்ற ஆய்வாளர், விரிப்பின் கீழ்க் கம்புகளை வைத்துப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிக்க முடியாதபடி செய்தார். பிறகு சர்வதேசத் துடுப்பாட்டக்காரர்களை அதற்கு முகம்கொடுக்க வைத்தார். பந்து குத்தித் திரும்பியபின் மட்டையை மாற்ற அவர்களுக்கும் ஏறத்தாழ 200 மில்லிவினாடி தேவைப்பட்டது. சாதாரண மனிதருக்கும் அவ்வளவுதான். 2000இல் அவரும் மைக்கல் லாண்டும் துடுப்பாட்டக்காரர்களின் கண் அசைவைப் படம்பிடித்தபோது, கண் பந்தைத் தொடர்ந்து போகாமல், அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே பாய்ந்து காத்திருப்பது தெரிந்தது. திறமை கூடியவரின் கண் இன்னும் முந்திப் பாய்ந்தது. வேகம் என்று நாங்கள் வியப்பதில் பெரும்பகுதி, முன்கூட்டித் தெரிந்திருப்பது. அது பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு.

எங்கள் பிள்ளை அதை எங்கே சேர்த்தாள்? தொடர்மாடியின் கீழே, கார் தரிப்பிடத்தில். ஐந்தாறு வயதிலிருந்தே பெரியப்பாவின் பொடியன்கள் ரெனிஸ் பந்தால் விளையாடும்போது இவளைக் களத்தடுப்புக்கு நிறுத்துவார்கள். தூணுக்கும் வானுக்கும் இடையே பந்து எங்கே வரும் என்று முந்திக்கொள்ளாவிட்டால் அது மரைன் டிரைவ் பக்கம் போய்விடும். போனால் இவள்தான் எடுத்துவர வேண்டும். அவளைவிட மூத்த, பலம் கூடிய பொடியன்களின் தோளையும் இடுப்பையும் வருடக்கணக்கில் படித்திருக்கிறாள். அதைப் பயிற்சி என்று வீட்டில் ஒருவரும் கணக்கில் எடுத்ததில்லை.

அன்று பின்னேரம் நான் இதை வீட்டில் உற்சாகமாக விவரித்தேன். பெரியம்மா கேட்டுவிட்டு, "அது அவளின்ர பூட்டன்ர கண். அவர் ஊரில கரப்பந்து அடிக்கிறவர், ஒரு பந்து விடமாட்டார். ரத்தம் எங்க போகும்?" என்றார்.

எனக்கு எல்லாம் திரும்பியது அந்த இடத்தில்தான். எடுபடாதபோது பரம்பரையில் ஒருவரும் விளையாடவில்லை. திறமை தெரிந்தபோது பூட்டன் கரப்பந்து ஆடினார். ரத்தம் என்பது எது நடந்தாலும் நடந்தபின் வந்து பொருந்திக்கொள்கிற காரணமாக எங்கள் வீடுகளில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, அவரோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அதே பேச்சைப் பாடசாலையும் தெரிவாளரும் பெற்றோரும் பேசும்போது ஒரு பிள்ளையின் பின்னேரங்கள் பறிபோகின்றன.

எச்சிலில் எழுதியிருக்கிறதா

இந்தப் பேச்சின் புதிய வடிவம் வாட்ஸ்அப்பில் வருகிறது. வாயில் பஞ்சுத் துடைப்பானைத் தடவி அனுப்பினால், உங்கள் பிள்ளைக்கு எந்த விளையாட்டு உகந்தது என்று மரபணுவைப் பார்த்துச் சொல்வார்களாம். பிள்ளை பிறந்தவுடன் சாதகம் எழுதுவிப்பது போன்றதுதான் இதுவும். விஞ்ஞானத்தின் பெயரில் வருவதால் நம்புவதற்கு ஆள் கூட இருக்கிறது.

இத்தகைய சோதனைகளில் அதிகம் அடிபடும் மரபணு ஏசிரிஎன்3. வேகமாகச் சுருங்கும் தசைநார்களில் இருக்கும் ஒரு புரதத்துக்கான கட்டளை அதில் இருக்கிறது. அந்தப் புரதம் அறவே உண்டாகாதவர்கள் உலகில் நூறு கோடிக்கும் மேல். அவர்கள் நோயாளிகள் அல்லர். நாளாந்த வாழ்வில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் 2003இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், உயர்மட்டக் குறுந்தூர ஓட்டக்காரர்களிடையே அப்படிப்பட்டவர்கள் மிக அரிதாகவே இருந்தார்கள். இது திடமான கண்டுபிடிப்பு. நான் மதிக்கிறேன். ஆனால் அதை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். அந்தப் புரதம் உள்ளவர்கள் உலகில் பெரும்பான்மை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பெரும்பாலானோருக்கும் அது இருக்கும். ஆளுக்காள் உள்ள தசை வேக வேறுபாட்டில் இந்த மரபணு விளக்குவது இரண்டு மூன்று வீதம் அளவில்தான். திறமையுள்ள பிள்ளைகளைத் தெரிய மரபணுச் சோதனையைப் பயன்படுத்தக்கூடாது என்று இத்துறை வல்லுநர்கள் 2015இலேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள்.

மறுகரையில் நிற்பவர்களையும் நான் நம்பவில்லை. பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால் எவரும் எதிலும் சிகரம் தொடலாம் என்கிறார்களே, அந்த எண் 1993இல் அன்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது. அது அங்கே சிறந்து விளங்கிய மாணவர்களின் சராசரி. அந்தச் சிறந்த மாணவர்களிலேயே பலர் அதைவிடக் குறையப் பழகியவர்கள். 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விளையாட்டில் ஆளுக்காள் உள்ள வேறுபாட்டில் பயிற்சி நேரம் விளக்கியது 18 வீதம். எடுபடாத பிள்ளையிடம் "நீ போதிய அளவு உழைக்கவில்லை" என்று சொல்வது, ரத்தம் சரியில்லை என்று சொல்வதைவிடக் கொடுமையாக எனக்குத் தெரிகிறது. ரத்தத்தைக் குறை சொன்னால் பிள்ளைக்குப் பொறுப்பாவது இல்லை. உழைப்பைக் குறை சொன்னால் உடம்பின் எல்லைக்கும் அவளே குற்றவாளி ஆகிவிடுகிறாள்.

என்னை மிக அதிகம் யோசிக்க வைத்தது ஹெரிற்றேஜ் என்ற குடும்ப ஆய்வு. குளோட் புஷார் தலைமையில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேரை 20 வாரம் ஒரே அளவில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். முன்னும் பின்னும் அவர்களுடைய உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச அளவை அளந்தார்கள். சிலருக்கு அது மிகப் பெருமளவில் கூடியது. சிலருக்கு அசையவே இல்லை. எவருக்கு எவ்வளவு கூடும் என்பது குடும்பங்களுக்குள் ஒத்துப்போனது. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபுவழி என்று கணித்தார்கள். தொடக்கத்தில் எந்த நிலையில் இருந்தார் என்பதைக்கொண்டு, பயிற்சிக்குப் பிறகு எவ்வளவு முன்னேறுவார் என்று சொல்ல முடியவில்லை. அதாவது பழகுவதற்கு உடம்பு எப்படி ஈடுகொடுக்கும் என்பதும் ரத்தத்தில் வருவதுதான். பெரியம்மா சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் அந்த ரத்தத்தைப் பார்க்க இப்போதைக்கு இருக்கும் ஒரே வழி, ஆளை வாரக்கணக்கில் பழக விட்டுப் பார்ப்பது. ஒரு பின்னேரத் தெரிவில் அது எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

அதோடு வயதும் சேர்கிறது. 13 வயதுப் பெண்பிள்ளைகளில் ஒருத்தி வளர்ந்து முடிந்திருப்பாள், இன்னொருத்தி வளரத் தொடங்கியிருக்கவே மாட்டாள். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் நிற்பார்கள். உயரப்படி நிறுத்திய வரிசை, பாதி பிறந்தநாட் பட்டியலாகவும் இருக்கும்.

பிள்ளைக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: "நீ தர்ஜினி அக்கா மாதிரி வளையத்துக்குக் கீழ நிக்கிறது நடக்காது. எங்கட வீட்டில ஆருக்கும் அந்த உயரம் இல்லை. ஆனா விங் டிஃபென்ஸ் எண்ட தடுப்பு இடத்தில நிண்டு பந்தை வெட்டி எடுக்கிறதில நீ எவ்வளவு தூரம் போவாய் எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது." அவள் அதை ஏற்றுக்கொண்டாள். பிள்ளைகளுக்கு உண்மையைத் தாங்க முடியும்.

அடுத்த தெரிவுக்கு முன் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் ஒன்று இருக்கிறது. அக்காவோடு நானும் போகிறேன். தெரிவை ஒரே நாளில் முடிக்காமல் ஒரு தவணைக்கு நீட்டுங்கள், விரும்பி வரும் பிள்ளைகள் எல்லோரையும் அதுவரை பழக விடுங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள், உயரத்தோடு பந்தை முன்கூட்டிக் கணிப்பதையும் பாருங்கள் என்று கேட்கப்போகிறோம். ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை என்பார்கள். அது நியாயம்தான். ஒரே ஆசிரியை பாடமும் எடுத்து மூன்று விளையாட்டையும் கவனிக்கிறார். அதற்குப் பழைய மாணவிகளைக் கேட்கலாம். சனிக்கிழமை காலையில் சம்பளம் இல்லாமல் வந்து பழக்க ஆயத்தமாக இருக்கிறவர்கள் சிலரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன்.